கொசுவலைக்குள் சுக்கினி

அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்குக் கோபத்தைத் தவிர ஒரு குறையும் இல்லை, நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன். தன் பேச்சைக் கேட்காமல் அவ்வளவு தூரத்து வேலைக்குப் போய்விட்டாய் என்று எட்டு மாதமாக உன்னோடு பேசாத மனிதர், வெள்ளரிக்காய் மாதிரிக் காய்க்கும் என்று நீ அனுப்பிய சுக்கினி விதையை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மறுநாளே வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொத்தினார். செடி தளதளவென்று வளர்ந்து பூத்தது, ஆனால் பிஞ்செல்லாம் விரல் நீளம் வருவதற்குள் நுனி மஞ்சளாகி அழுகி விழுந்தது. தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார், உரம் வைத்தார், கடைசியில் "அவ அனுப்பின விதையே சரியில்ல, ஞாயித்துக்கிழமை பிடுங்கிப் போட்டுடறேன்" என்றுவிட்டார். அந்தச் செடியும் போய்விட்டால் உன் பேச்சை எடுக்க அவருக்கு வேறு சாக்கே இல்லை.

சனிக்கிழமை நாற்று விற்கும் அம்மாவைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் செடியைப் பார்க்கவில்லை, அதன்மேல் போர்த்தியிருந்த கொசுவலையைப் பார்த்தார். பூச்சி அரிக்கக் கூடாதென்று இரட்டைத் தையல் போட்டு, எறும்புகூட நுழையாதபடி நான் தைத்தது, தெரு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டது. "தேனீ எப்படிம்மா உள்ள போகும்" என்று கேட்டார். ஆண்பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுபோய்ப் பெண்பூவில் சேர்த்தால்தான் காய் பிடிக்குமாம். முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வலையை அப்போதே பிரித்தேன். தேனீ வழி கண்டுபிடிக்கும்வரை மெல்லிய தூரிகையால் நாமே தொட்டு வைக்கலாம் என்று அவர் சொன்னதும் அப்பா உள்ளே போனார், கை நடுங்குகிறதென்று பெயர்ப்பலகை எழுதுவதை விட்ட நாளிலிருந்து மூன்று வருஷமாகத் திறக்காத தூரிகை டப்பாவோடு திரும்பி வந்தார்.

இப்போது தினமும் விடிந்ததும் பூ விரிகிற நேரத்தில் செடியடியில் முட்டி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அந்த நடுக்கமே நல்லதாம், மகரந்தம் நன்றாக உதிர்கிறதாம், அவரே சொல்லிக்கொள்கிறார். மூன்று பிஞ்சு ஒரு சாண் தாண்டிவிட்டது. நேற்று இரண்டு தேனீ வந்ததற்கு, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று அவற்றோடு சண்டை. உனக்குப் போன் செய்யப் போனேன், "நீ சொல்லாத, முதல் காய் பறிச்சதும் நானே சொல்றேன்" என்று தடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலை உனக்குக் கைகூட வேண்டும். ஒன்றை மறக்காதே, போன் வந்தால் எதுவும் தெரியாதவள்போல இரு, வழக்கம்போல வாயாடாதே. மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் அவருக்குப் பேச வராது. விதை நல்ல விதை என்பார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
வலையைப் பிரித்த உன் அம்மா