நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

ஜூன் 12, வெள்ளி. விடாத மழை.

இன்று முதல் நடப்பதை உள்ளபடியே எழுதப் போகிறேன். என் அசட்டுத்தனங்களையும் சேர்த்து.

பக்கத்து வீட்டுச் சுபா பெங்களூர் போய் ஆறு வாரம். அவள் அப்பாவுக்கு மாற்றல். பள்ளியில் என் பெஞ்சில் நான் மட்டும். மதியம் பின்னாலிருந்து மலையாளத்தில் ஒரு குரல்: "ஆ குட்டி எப்போழும் புக்கிலா." எப்போதும் புத்தகத்திலேயே இருக்கும் அந்தக் குட்டி, அதாவது பெண், நான்தான்.

சுபா வீட்டுச் சாவி எங்களிடம். பூட்டிய வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாதாம். வெள்ளிதோறும் அம்மா போய் விளக்கேற்றுகிறாள். இன்று நானும் டேப்புடன் போனேன்.

"ஆளில்லாத ஆத்தை என்னத்துக்குடி அளக்கறாய்? விக்கப் போறாயா?"

"கேமுக்கும்மா."

சுபா அறை: 9 அடிக்கு 7. ஜன்னல் இல்லை. அலமாரி 1. சுவரில் பென்சிலால் எங்கள் இருவர் உயரம்.

வீடு கட்டி ஆட்களைக் குடிவைக்கும் கம்ப்யூட்டர் கேம். அதில் எங்கள் இரண்டு வீடுகளையும் இங்கே கரமனைத் தெருவில் இருப்பது போலவே கட்டுகிறேன். ஞாயிறு ஆறு மணிக்கு வீடியோ காலில் சுபா பார்க்கப் போகிறாள். அதற்குள் முடிய வேண்டும்.

ஜூன் 13, சனி. தூறல். இட்லி, தக்காளிச் சட்னி.

பெரிய சிக்கல். கேமில் மனைக்கு மனை இடைவெளி விட்டே தீர வேண்டும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அது இல்லாமல் எப்படி? அதில் மூன்று தட்டு என்றால் 'வீட்டுப்பாடம் முடிந்தது, வா'. ஐந்து: 'அம்மா கோபம், வராதே'.

இரண்டையும் ஒரே மனையில் கட்டிவிட்டேன். கேம் எங்களை ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொண்டது! கேம்-சுபா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள், ஃப்ரிட்ஜைத் திறந்து சாப்பிட்டாள், என் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

தப்புதான். திருத்தவில்லை.

அம்மா போனிலிருந்து சுபாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: உன் அலமாரிக்குப் பின்னால் சுவர் என்ன நிறம்? நீல டிக் இரண்டு. பதில் இல்லை. கேமில் பச்சை வைத்தேன்.

ஜூன் 14, ஞாயிறு. வெயில், பிறகு மழை.

கேமில் கோலம் இல்லை. வாசலில் வட்டக் கம்பளம். பரவாயில்லை.

6.00. 6.20. கூப்பிட்டது 6.35க்கு. அவளுக்குப் பின்னால் யாரோ பெண்கள், சிரிப்பு.

"அய்யோ, அப்படியே இருக்குடி! அந்த இருட்டு ரூம்கூட! இன்னும் என்னை அதுலேயேவா வச்சிருக்காய்? இங்க எனக்கு பால்கனி இருக்கு, தெரியுமோ? நல்ல ஃப்ளாட்டா பாத்து என்னை மாத்துடி."

"அலமாரிக்குப் பின்னால என்ன நிறம்?"

"எந்த அலமாரி?" யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்! அப்பறம் பேசறேன், கேட்டியா?"

நான்கு நிமிடம்.

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். நடந்தது: நடுச்சுவரில் மூன்று தட்டு தட்டினேன். நிஜச் சுவரில்.

"ஆருடி அது?" அம்மா, சமையலறையிலிருந்து.

"நான்தாம்மா."

பிறகு அவள் கேட்டபடியே செய்தேன். கேமில் ஊரின் மறுகோடி, மூன்றாம் மாடி, பால்கனி, எதிரே இரண்டு மரம். கேம்-சுபா தனிக்குடும்பம் ஆனாள். கை ஆட்டிவிட்டுப் போனாள்.

இந்தப் பக்கம் அவள் பழைய வீட்டில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. வெள்ளிக்கிழமை அம்மா ஏற்றுவது மாதிரி ஒன்றையாவது எரிய விடலாமா என்று பார்த்தேன்.

7.10. சுபா வீட்டு விளக்குகளை அணைத்தேன்.