அரிசி மூட்டைகளுக்கு அடியில் கூடாரம்

ஹம், ஜேர்மனி, 16.08.2004

அன்புள்ள மாமிக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி? நாங்கள் இருவரும் சுகம்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கடையைப் பூட்டிவிட்டு, மலை ஏறவும் கூடாரத்தில் தங்கவும் உங்கள் மகள் மலரோடு தெற்கே புறப்பட்டேன். கடை வான் வண்டி வெறுமையாகப் போகிறதே என்று, வழியிலுள்ள தமிழ் வீடுகளுக்கு அரிசி மூட்டை ஏற்றியது என் பிழை. ஒவ்வொரு வீட்டிலும் "சாப்பிடாமல் போக ஏலாது, அண்ணை" என்று மறித்தார்கள். நாலு நாளும் விருந்திலேயே போனது. மலையை வான் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தோம்.

"கடையும் எங்களோட வந்திட்டுதப்பா" என்று மலர் சிரித்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மலை ஏறவென்று புதிதாக வாங்கிய சப்பாத்தை, ஒரு தரமும் காலில் போடாமல், நேற்றுப் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

அங்கிருந்து யாராவது வந்தால் அவளுக்குப் பிடித்த பனங்கிழங்குப் புழுக்கொடியல் கொடுத்துவிடுங்கள். பொதியில் அவள் பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் விற்றுவிடுவேன்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

மருமகன்,
செல்வரட்ணம்