கீழ் மலையை வெட்டிவிட்டார்கள்

இன்றைக்குக் கீழ் மலையில் மிலாறு பொறுக்கி வந்து அடுப்பில் வைத்தேன். இன்னும் காயாத குச்சி. வீடெல்லாம் புகை. கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சியின் அந்த வாசம் வந்ததும் எனக்கு உங்க மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போன புருஷன் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீங்க. கெடு வைத்தது நீங்க.

உங்க முதல் நாவல் அச்சாகி வந்த கையோடு சொன்னீங்க: "அடுத்தத எழுதிக் காட்டுறேன் பாரு புள்ள. மேல் மலையில தேயிலைய மட்டமா வெட்டியிருக்காங்கல்ல, அது துளிர்த்து நீங்க கொழுந்தெடுக்க இறங்குறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

நானும் நம்பினேன். தேயிலைப் பெக்டரியில் வேலை முடிந்து வந்து நீங்க மேசையில் உட்கார்ந்தால் ரேடியோவைக்கூட நிறுத்திப் போடுவேன். துளிர் வந்தது. நாங்கள் கூடையோடு இறங்கினோம். உங்க தாள் வெள்ளையாகவே கிடந்தது. "இந்த மலை போகட்டும், அடுத்து ஆத்தோர மலைய வெட்டுவாங்க" என்றீங்க. தோட்டத்தில் வருஷா வருஷம் ஏதாவது ஒரு மலையை வெட்டத்தான் செய்வார்கள். அது தெரிந்துதானே அப்படி ஒரு கெடு!

கதை எனக்கு மனப்பாடம். வெளிநாட்டில் வீட்டுவேலை பார்த்துவிட்டு ஒருத்தி ஹாலிஎல ஸ்டேசனில் வந்து இறங்குகிறாள். நல்ல மழை. கூட்டிப்போக ஒருத்தரும் வரவில்லை. நடந்தே தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருகிறாள். வழியில் யாரைப் பார்த்தாள், என்ன பேசினாள் என்று சோறு தின்னும்போதெல்லாம் சொல்வீங்க. சோறு ஆறிப்போகும். எழுத மட்டும் வராது. ரயிலை முதலில் சொல்வதா, மழையை முதலில் சொல்வதா என்று அங்கேயே நின்றுவிட்டீங்க.

"முதல் வரிதானே வர மாட்டேங்குது? ரெண்டாவது வரியில இருந்து எழுதுங்களேன்."

"முதல் வரி இல்லாம ரெண்டாவது எப்படி வரும்? லூசுப் புள்ள."

"அப்ப அவ நனைஞ்சுகிட்டே நிக்கட்டும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டீங்களே: "கீழ் மலைய வெட்டிட்டாங்களா?"

"இன்னும் இல்லங்க."

"அப்ப நேரம் இருக்கு."

அதுதான் நீங்க கடைசியாகப் பேசினது. என்னிடம் சொல்ல வேறு ஒன்றுமே இல்லையா உங்களுக்கு?

இப்போது வெட்டிவிட்டார்கள். நானும் எழுதப் போகிறேன். பதுளையில் இருந்து வந்த மகள் சிரிக்கிறாள். "அம்மா, அஞ்சாம் ஆண்டோட நின்னுட்டு நாவல் எழுதப் போறீங்களா?"

"உங்கப்பா படிச்சவர்தானே, எழுதினாரா?" என்றேன். 

எந்த 'ர' எங்கே வரும் என்று எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். அதைப் பார்த்தால் உங்க கதைக்காரி ஸ்டேசனிலேயே கிடப்பாள். உங்க கெடுதான் எனக்கும். ஆனால் நான் மலை மாற்ற மாட்டேன். துளிர்த்ததும் கீழ் மலையில் கூடையோடு இறங்கப் போகிறவளே நான்தான், யாரை ஏமாற்றுவது?

மேலே ஒரு வரிக்கு இடம் விட்டு, இரண்டாவது வரியில் தொடங்கிவிட்டேன். எடுத்ததுமே அவள் கையில் ஒரு குடை கொடுத்துவிட்டேன். குடை இல்லாமல்தான் அவள் வர வேண்டும் என்று நீங்க அடித்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. இருந்து எழுதியிருக்க வேண்டியதுதானே.