துடைத்தாலும் போகாத பனி

ஐப்பசி, வியாழன் இரவு.

ஓட்டலில் சமைக்கும் செல்வியக்கா, சேலத்தில் தான் பிறந்த தெருவின் போட்டோவைத் தந்து, மரத்தில் செதுக்கி அச்செடுத்துத் தரக் கேட்டிருந்தார். இன்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். வாங்கியதும் முந்தானையால் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"போட்டோவுல எங்கப்பா வாசல்ல நின்னாருங்களே. பனி மறைக்குதுங்க."

சேலம் தெருவில் ஏது பனி? பனி மூடிய ஏற்காட்டு மலையையே செதுக்கிப் பழகிய கை. மரத்தில் செதுக்கி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக விழும். வாசலில் நின்றவரையும் அழகுக்காகச் செதுக்கி எடுத்துவிட்டேன்.

"கண்ணாடிக்கு உள்ளார ஈரமாட்டம் இருக்குதுங்க. நாளைக்கு வெயில்ல வெச்சா அப்பா தெரிவாரு. நொம்ப நல்லா இருக்குதுங்க."

நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனார்.

நாளைக்கு வெயில் அடிக்காமல் இருக்க வேண்டும்.