கூட்டணி மாறிய காலேஜ்

எடிசன்
14-5-1996

அன்புள்ள க்ரிஷ்,

இங்கே எடிசனில் அப்பாவும் நானும் நலம். நீயும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உன் குரலைக் கேட்டவள் நான். இட்ஸ் ஃபைன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாய்.

முந்தின நாள் சனிக்கிழமை உன் கோச் நம் வீட்டுக்கு ஃபோன் பண்ணினார். டென்னிஸ் டீமையே எடுத்துவிட்டார்கள், இந்த சீசனோடு சரி என்றார். பிப்ரவரியிலேயே உங்களுக்குச் சொல்லியாகிவிட்டதாம். மூன்று மாதம் வாயே திறக்கவில்லையே நீ! கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு சின்ன காலேஜ் உன்னைக் கேட்கிறது, அங்கே போனால் உடனே ஆடலாம், ஆனால் பாதி ஸ்காலர்ஷிப்தான், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், இவன் வேண்டாம் என்கிறான் என்று அந்த மனுஷன் என்னிடம் வருத்தப்படுகிறார். டெக்சாஸில் இப்போதிருக்கும் காலேஜிலேயே இருந்தால் ஆடாவிட்டாலும் முழு ஸ்காலர்ஷிப் கொடுப்பார்களாமே, அதற்காகத்தானே? எங்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நீயே முடிவு பண்ணினாயா, எங்களை ஒரு வார்த்தை கேட்டாயா?

அப்பாவோடு தினமும் ட்ரெயினில் மன்ஹாட்டன் போகிற திருமூர்த்தி அங்கிளுக்கு ஃபுட்பால் எல்லாம் அத்துப்படி. அவரிடம் கேட்டேன். எண்பது வருஷமாக ஒன்றாக ஆடிக்கொண்டிருந்த காலேஜ்கள் பிரிந்து, உன் காலேஜ் பெரிய கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் மேட்ச் ஆடிக்கொள்கிற வேறொரு காலேஜ் கூட்டத்தில், சேருகிறது, ஃபுட்பால் மேட்ச் காட்ட டி.வி.காரன் கோடி கோடியாகக் கொட்டுவான், நல்ல மூவ் என்று ஏதோ தானே பண்ணின மாதிரி சொல்கிறார். நம்மூரில் தேர்தல் வந்தால் கூட்டணி மாறுகிற கதைதான். அங்கேயாவது ஓட்டுக் கேட்க வாசலுக்கு வருவார்கள், உங்களை யார் வந்து கேட்டார்கள்? பணம் இல்லை என்று டீமை நிறுத்தினால் ஒப்புக்கொள்வேன். பணம் வருகிறது, அதனால் நிறுத்துகிறோம் என்றால் இது என்ன நியாயம்? கேட்டால், இனிமேல் மேட்சுக்கு நாலு ஸ்டேட் தாண்டிப் பறக்க வேண்டும், டென்னிஸுக்கு அவ்வளவு செலவு கட்டாது என்கிறார். பறக்கச் சொல்லி நீயா கேட்டாய்?

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரியில் உன் காலேஜிலிருந்து அத்லெடிக்ஸ் ஃபண்ட் என்று ஒரு லெட்டர் வந்தது. நம் பிள்ளைக்குச் சோறு போடுகிற இடம் என்று கோயிலுக்கு எழுதுகிற பக்தியோடு நூறு டாலருக்கு செக் எழுதினார். அவர்கள் அனுப்பிய ஸ்டிக்கரை காரின் பின்னால் ஒட்டி, ஓக் ட்ரீ ரோடில் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். அந்த லெட்டரை நேற்றுதான் முழுதாகப் படித்தேன். ஃபுட்பால் ஸ்டேடியத்தில் பணக்காரர்கள் ஏ.சி.யில் உட்கார்ந்து மேட்ச் பார்க்க ரூம் கட்டுவதற்காம். தோசைத்திருப்பியை எடுத்துப்போய் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டேன். பெயிண்டும் கொஞ்சம் வந்துவிட்டது.

நானும் யோக்கியமில்லை. விடிகாலை ஐந்தரைக்கு உன்னை இன்டோர் கோர்ட்டுக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போகும்போதெல்லாம் இந்த மட்டை சோறு போடுமா, ஒழுங்காகப் படித்து டாக்டராகு என்று எத்தனை வருஷம் உன்னைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். இப்போது நான் கேட்டதுதான் நடந்திருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டியவள், சனிக்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இனிமேல் ஆடாதே என்று சொல்ல உன்னைப் பெற்ற எனக்கு உரிமை உண்டு. நான் சொன்னால் நீ சண்டை போடுவாய், மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அவர்கள் சொன்னதும் தலையாட்டிவிட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாதிப் பணத்துக்கு அப்பா வழி சொல்லிவிட்டார், அது உன் கவலை இல்லை. ஆட்டமே அலுத்துவிட்டது என்றால் அதையும் வாய்விட்டுச் சொல், கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்காக மட்டும் விடாதே. மாதக் கடைசி என்பது மெமோரியல் டே முடிந்த வெள்ளிக்கிழமை, லீவு மயக்கத்தில் தவறவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. எல்லா நன்மையும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும்.

இந்தத் தடவை என்னோடு சண்டை போட மாட்டாயா என்று காத்திருக்கும்,
உன் அம்மா
ஷ்யாமளா