பழுப்புப் புட்டியும் வெள்ளைக் கிண்ணமும்

தாஷ்கண்ட், வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் பெரிசாத் வணக்கத்துடன் எழுதுவது. கண் எரிச்சல் தேவலையா? அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்ததா? நான் சுகம். நான் அனுப்பிய கண் சொட்டு மருந்தை மட்டும் இனிப் போடாதீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, எனக்குக் கோபம்தான்.

எங்கள் தொழிற்சாலையில் இப்போது புட்டிகளை மூடியபின் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்குகிறார்கள். அதில் கண்ணாடி பழுப்பாவது வழக்கம். ஆனால் நான் சோதித்தபோது, நூறு பங்கு இருக்க வேண்டிய மருந்து எழுபதுதான் இருந்தது. மேலாளர் தோலிபிடம் போய்ச் சொன்னேன்.

"கண்ணாடிதாம்மா நிறம் மாறியிருக்கு. உள்ள ஒரு கிருமியாவது உயிரோட இருக்கா, சொல்லு?"

"கிருமி செத்துப்போச்சு சார். கூடவே மருந்தும்ல செத்துப்போச்சு!"

அவர் எனக்கு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு வரை ஊற்றினார். பாதிக் கிண்ணம் என்றால் இன்னும் இரு, விளிம்பு வரை என்றால் எழுந்து போ என்றுதானே நம் பக்கத்தில் அர்த்தம். நம் வீட்டில் போலீஸ்காரருக்குக்கூட நீங்கள் அப்படி ஊற்றியதில்லையே! தேநீரை அவருடைய பூந்தொட்டியில் கொட்டினேன். அந்த வெள்ளைக் கிண்ணத்தைத் துடைத்து, இரண்டு புட்டி மருந்தை அதில் ஊற்றினேன். தண்ணீர் போல் இருக்க வேண்டிய மருந்து மஞ்சளாக நின்றது.

"இதுவும் கண்ணாடியா சார்?"

மருந்தை வெளியே அனுப்பும் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

உங்களிடம் உள்ள புட்டியை இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நம் ஊர் நுகுஸ் பஸ் டிரைவரிடமே கொடுத்தனுப்புங்கள், அதையும் சோதிக்க வேண்டும். கூடவே கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. அறை குளிர்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். வேலை போனால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். எனக்குப் பாதிக் கிண்ணம் மட்டும் ஊற்றுங்கள், அப்பா.

பெரிசாத்