எண்பது மூட்டை சீமெந்து

ஹாலிஎல,
17.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். போனில் புது வீட்டுக் கதை எடுத்தாலே சண்டையாகிறது. அதனால் எழுதுகிறேன்.

விலை கூடுமென்று நீங்கள் சொன்னபடி எண்பது மூட்டை சீமெந்தையும் ஒரேயடியாக வாங்கி, நாங்கள் இருக்கும் லயத்து வீட்டு வாசலில் அடுக்கிவிட்டேன். நல்ல நாள் தவறக்கூடாது என்றீர்கள். எட்டாம் திகதி வாசல் நிலையும் வைத்தாயிற்று. ஆனால் கல்லும் மணலும் வரவில்லை. இந்த மழைக்கு லொறி தோட்டத்துப் பாதையில் ஏறாதாம். நான்கு மேசன்மாரும் ஒன்பது நாளாகச் சும்மா இருக்கிறார்கள். விட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று நாட்சம்பளம் கொடுக்கிறேன்.

காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் சுவரில்லாத நிலைக்குள் நுழைந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரையில் வந்துவிடுவீர்கள்தானே? மகள் விதுஷாவுக்கு உங்களைப் போனில்தான் தெரியும்.

உங்கள் அன்பு,
துஷாந்தினி

டோஹா,
05.12.2024

அன்பு துஷா,

இங்கே நான் ஸ்டோர் கீப்பர். மூன்று நாள் வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு மூட்டையும் வெளியே விடமாட்டேன். மணல் வருமுன் ஆட்களை இறக்கினால் நானே சத்தம் போடுவேன். சொந்த வீட்டில் அந்தப் புத்தி எங்கே போனதோ! தப்பு என்னுடையது. மேசன்மாரை அனுப்பிவிடு. சீமெந்துக்கு அடியில் பலகை போடு.

உன்,
சுரேஸ்

ஹாலிஎல,
22.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் வருமுன்பே ஈரம் ஏறிவிட்டது. நாற்பத்தாறு மூட்டை கல்லாகிவிட்டது. மேசன் மாடசாமி அண்ணன், "ரெண்டு ரூமுக்கு இனி பத்தாது தங்கச்சி, ஒன்னோட நிப்பாட்டிருவோமா?" என்கிறார். என்ன சொல்ல?

உங்கள் அன்பு,
துஷாந்தினி

டோஹா,
14.01.2025

அன்பு துஷா,

நிப்பாட்டவேண்டாம். போட்ட பிளானை மாற்றாதே. இங்கே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த முறை தப்பு நடக்காது. எது எந்த நாளில் வரவேண்டும் என்று அட்டவணை போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்,
சுரேஸ்

ஹாலிஎல,
20.02.2025

அத்தானுக்கு,

அட்டவணை கிடைத்தது. மாடசாமி அண்ணன் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போட்டிருக்காரு" என்றார். மணல் வரும் நாள், கல் வரும் நாள், ஆட்கள் வரும் நாள் எல்லாம் இருக்கிறது. நீங்கள் வரும் நாள் இல்லை.

அது வருமுன்பே மழை விட்டு லொறி ஏறியது; மிஞ்சிய சீமெந்தில் ஒரு அறையோடு நிறுத்திவிட்டேன். தகரமும் போட்டாயிற்று. நானும் விதுஷாவும் போன திங்கட்கிழமை குடிவந்துவிட்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் இடம் போதும். மற்ற அறை வேண்டுமென்றால் வந்து கட்டுங்கள். அதற்கென்று காசு அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

துஷாந்தினி